சல்லடையும் கண்ணும்

இலங்கையின் மன்னார் மாவட்டத்து அரிப்புக் கரையோரம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்து வணிகர்களிடம் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. பெட்டி என்று அவற்றுக்குப் பெயர். முதற் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறிக் கடைசிப் பெட்டியில் 1000. துளைகள் கூடக் கூட அவற்றின் வாய் சிறுக்கும். முத்தை அள்ளிப் போட்டு ஆட்டினால் போதும். எந்தப் பெட்டியில் தங்குகிறதோ அதுதான் அதன் அளவு. நேற்று வேலைக்கு வந்த பையனும் இதைச் செய்துவிடுவான். ஆனால் ஒரே பெட்டியில் தங்கிய முத்துகளில் முதல்தரமான ஆணிமுத்து எது, தரம் குறைந்த குறுவல் எது என்று பிரிக்கும் வேலையை அந்தப் பையனிடம் கொடுக்க முடியாது. உருட்சியையும் நிறத்தையும் உள்ளிருந்து வரும் ஒளியையும் பார்க்கும் கண்ணுக்குச் சல்லடை கிடையாது. அந்தக் கண் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து வருவது.

சல்லடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றையும் கற்றுத்தராமலே வேலையை முடித்துக் கொடுப்பதால்தான் அது நல்ல கருவி. இதை மனதில் வைத்துக்கொண்டு, கல்விச் செயலிகளையும் இணையப் பாடங்களையும் பற்றிய இன்றைய பேச்சில் குழம்பிக் கிடக்கும் மூன்று தொழில்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்: பயனர் அனுபவம், கற்பித்தல் வடிவமைப்பு, கற்றல் அனுபவம். கொழும்பில் ஏதாவது ஒரு கல்வித் திட்டக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் மூன்றும் ஒரே பொருளில் வந்துபோகும். நானும் சில காலம் அப்படித்தான் கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

பயனர் அனுபவம் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டொனால்ட் நோர்மன். 1993இல் அப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் தடுமாறினால் பிழை அவருடையது அல்ல, கதவைச் செய்தவருடையது என்பது அவர் வாதம். எங்கள் அரச அலுவலகப் படிவங்களை நிரப்பியவர்களுக்கு இந்த வாதம் எவ்வளவு ஆறுதலானது என்று சொல்லத் தேவையில்லை.

கற்பித்தல் வடிவமைப்பு அதைவிட மூத்தது, படைமுகாமில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கானவர்களைக் குறைந்த காலத்தில் பயிற்றவேண்டி வந்தபோது அமெரிக்கப் படைகள் உளவியலாளர்களை அழைத்தன. அவர்களில் ஒருவரான ரொபேர்ட் காஞே கற்றலுக்கு வேண்டிய நிபந்தனைகளைப் பற்றி 1965இல் எழுதிய நூல் இத்தொழிலின் அடித்தளம். 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்கத் தரைப்படைக்காக ஒரு முறையை வகுத்தது. ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்கல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகள் அங்கிருந்து வந்தவைதான். முகாமின் வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை. எல்லோரும் ஒரே கோட்டில் தொடங்கி ஒரே கோட்டில் முடிப்பார்கள் என்று அது இன்றும் நம்புகிறது.

கற்றல் அனுபவ வடிவமைப்பு மூன்றிலும் இளையது. நெதர்லாந்தைச் சேர்ந்த நீல்ஸ் புளோர் 2007இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார். பெயர்தான் புதிது. ஆசிரியர் செய்வதால் பிள்ளை கற்பதில்லை, தான் செய்வதால்தான் கற்கிறது என்று ரால்ப் டைலர் 1949இலேயே எழுதிவிட்டார். கற்றல் அனுபவம் என்ற சொற்றொடரும் அவர் புத்தகத்தில் இருக்கிறது. பழைய வள்ளத்துக்குப் புதுச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சிலர் சொல்வது அதனால்தான்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த வேறுபாடுகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடநூல்களும் வினாத்தாள்களும் மும்மொழியிலும் கிடந்தன. ஏப்ரலில் ‘குருகெதர’ தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் போயின. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. மற்றவர்கள் கைபேசியை நம்பினார்கள். பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் 2021இல் சிக்னல் தேடிக் காட்டுவழியே மேடேறி, பாறையிலும் மரத்திலும் இருந்து படித்த செய்தி உலகம் முழுக்கப் போனது. மன்னார்க் கரையில் ஏறுவதற்கு மலை கிடையாது. இங்கே சிக்கல் வேறு. பல வீடுகளில் இருப்பது ஒரு போன்தான். அது இரவில் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அவர் கரை வந்து, மீனை நிறுத்துக் கொடுத்து, வலையை ஒதுக்கிவிட்டு வீடு சேரும்போது காலை வகுப்பு முடிந்திருக்கும்.

கடைசியில் தாங்கிப் பிடித்தது வட்ஸ்அப். அதைக் கல்விக்கென்று ஒருவரும் செய்யவில்லை. ஆனால் அதில் குரலைப் பதிந்து அனுப்ப அம்மம்மாவுக்கும் தெரிந்திருந்தது. பயனர் அனுபவத்தின் பலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதன் தோல்விக்கும் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. ஆசிரியர் பாமினி எழுத்துருவில் தட்டிய பயிற்சித்தாளை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் தமிழே இருக்காது. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பைதான் தெரியும். அதனால் எல்லாவற்றையும் பி.டி.எப். ஆக்கி அனுப்பப் பழகினார்கள். பெரிய தாளுக்கு அமைத்த பக்கத்தை உள்ளங்கை அகலத் திரையில் இடமும் வலமும் இழுத்துப் படிக்கும் பிள்ளை, அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வரும்போது முந்தைய வரியில் படித்ததை விட்டுவிடுகிறது. மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது கொஞ்சம்தான், வேண்டாத சுமையை ஏற்றினால் பாடத்துக்கு இடமிராது என்று ஜோன் சுவெல்லர் 1988இல் முன்வைத்த கோட்பாட்டை இந்தப் பிள்ளைகள் தினமும் மெய்ப்பித்தார்கள். இத்தகைய கஷ்டத்தால் ஓர் அறிவும் வருவதில்லை. அதை ஒழிப்பது பயனர் அனுபவக்காரரின் வேலை. அந்த வேலையை ஏளனம் செய்யும் கல்வியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் எழுத்தும் படமும் நன்றாகத் தெரிந்திருந்தாலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 2007 சீர்திருத்தத்தோடு தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளில் 5ஈ முறையைக் கொண்டுவந்திருந்தது. பிள்ளைகளை முதலில் ஈடுபடுத்தி, குழுவாக ஆராயவிட்டு, அதன் பிறகு விளக்கி, விரிவாக்கி, மதிப்பிடும் ஒழுங்கு அது. பொருளைத் தொட்டுப் பார்த்த பிறகே விளக்கம் வரவேண்டும் என்பதால் அது நல்ல வடிவமைப்பு என்பேன். கஷ்டம் என்னவென்றால் அந்த ஒழுங்கு ஆசிரியரின் கைநூலில் இருந்தது. பிள்ளையின் பாடநூலில் இருந்தது அதன் மறுபாதி. பாடசாலை பூட்டியதும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பாடநூல் மட்டும். வள்ளம் வந்தது, ஓட்டி வரவில்லை. குருகெதரவில் ஓட்டி இருந்தார், பாடம் ஒழுங்காக ஓடியது. ஆனால் கரையிலிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது.

அடர்த்தி என்ற விஞ்ஞானப் பாடத்தை எடுத்துப் பார்ப்போம். பயனர் அனுபவக்காரர் அதைப் பார்த்ததும் காணொளி எத்தனை எம்.பி., அடுத்த பக்கத்துக்குப் போக எதை அழுத்துவது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று கேட்பார். கற்பித்தல் வடிவமைப்பாளர், திணிவும் கனவளவும் முன்பே விளங்கியிருக்கின்றனவா, சூத்திரத்தை எந்த இடத்தில் காட்டுவது, பிடிபட்டதை எதைக் கொண்டு அறிவது என்று யோசிப்பார். கற்றல் அனுபவத்தைக் கவனிப்பவரின் கண் பிள்ளையின் மேல் இருக்கவேண்டும். பாடத்துக்கு வருமுன்னரே இந்தப் பிள்ளை எதை நம்பிக்கொண்டிருக்கிறது?

முத்துக்குளிப்பவர் ஏன் பத்துப் பதினைந்து கிலோக் கல்லோடு கடலில் இறங்கினார் என்று அரிப்புப் பிள்ளை ஒன்றிடம் கேளுங்கள். கல் பாரம், பாரமானது தாழும் என்று உடனே பதில் வரும். அப்படியென்றால் அந்தக் கல்லைவிட எத்தனையோ மடங்கு பாரமான வள்ளம் ஏன் தாழவில்லை என்று அடுத்துக் கேளுங்கள். பிள்ளை வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடும். அந்த இடத்தில்தான் அடர்த்தி என்ற பாடம் தொடங்குகிறது. ஆனால் செயலி ஒன்றின் கணக்கில் அந்த நொடி குறைபாடு: பயனர் இங்கே தயங்குகிறார், இங்கே விட்டுப் போகிறார், இதைச் சரிசெய்க.

நான் சரிசெய்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்துக்காக இந்தப் பாடத்தைக் கைபேசிக்கு அமைக்க உதவிய காலம். பிள்ளைகள் நின்றுபோன இடங்களையெல்லாம் கண்டுபிடித்து அங்கங்கே குறிப்பு வரவைத்தோம். மூன்று விடையில் ஒன்றைத் தொட்டால் பச்சை அல்லது சிவப்பு. சிவப்பு வந்தால் மற்றதைத் தொடலாம். முடித்தவர்களின் தொகை ஏறியது, எங்களுக்கும் சந்தோஷம். இரண்டு கிழமை கழித்து வெறுந்தாளைக் கொடுத்து அதே வள்ளக் கேள்வியைக் கேட்டோம். ‘மரம் என்றபடியால்’ என்று பலர் எழுதியிருந்தார்கள். இந்தக் கரையில் இப்போது ஓடுபவை பெரும்பாலும் ஃபைபர் வள்ளங்கள். அதில் தினமும் ஏறி இறங்கும் பிள்ளைகளே அப்படி எழுதினார்கள் என்றால், எங்கள் பாடம் அவர்களுடைய கடலைத் தொடவே இல்லை.

நாங்கள் நீக்கிவிட்ட அந்தத் தடுமாற்றத்துக்கு ரொபேர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் 1994இல் ஒரு பெயர் கொடுத்திருந்தார்: விரும்பத்தக்க இடர்ப்பாடு. படிக்கும் நேரத்தில் வழுக்கிக்கொண்டு போவது கற்றதற்கு அடையாளம் ஆகாது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுக்கச் சொல்வது, நாலு நாள் விட்டுத் திரும்பக் கேட்பது போன்றவை அந்த நேரத்தில் பிள்ளையைத் தடுமாற வைக்கும். ஆனால் அப்படிக் கற்றது நிலைக்கும். மூன்று தொழில்களும் உண்மையில் பிரிவது இங்கேதான் என்பது என் முடிவு. இடர்ப்பாடு என்றாலே பயனர் அனுபவத்துக்கு எதிரி. கற்பித்தல் வடிவமைப்பு அதை அளந்து வரிசைப்படுத்துகிறது. அதில் மாட்டிய பிள்ளை என்ன செய்தது என்று கற்றல் அனுபவம் பார்க்கிறது, அல்லது பார்ப்பதாகச் சொல்கிறது.

கஷ்டமெல்லாம் நல்லது என்று இதிலிருந்து கிளம்பிவிடவும் கூடாது. ஒன்றையும் கற்கவைக்கக் கூடாத இடங்கள் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம் மக்கள் திரும்பத் தொடங்கியபோது மிதிவெடி இருக்கும் நிலத்தின் ஓரத்தில் சிவப்புப் பலகைகள் நின்றன. மண்டையோடு, மும்மொழியில் எச்சரிக்கை. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் தூரத்திலிருந்தே விளங்கவேண்டும் என்று செய்யப்பட்டவை. அங்கே யோசிக்க வைத்தால் கால் போய்விடும். ஆனால் பலகை எல்லா இடத்திலும் நிற்கவில்லை. பற்றைக்குள் பலகையைத் தாண்டிக் கிடப்பதை அடையாளம் காணப் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டியிருந்தது. அதற்குப் பாடசாலைகளில் அபாயக் கல்வி நடந்தது. பார், தொடாதே, வந்த தடத்திலேயே திரும்பு, பெரியவரிடம் சொல் என்று படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். கற்பித்தல் வடிவமைப்பின் படைமுகாம் ஒழுக்கம் அங்கே உயிர் காத்தது. இத்தனைக்கும் பிறகு, பழைய இரும்பை நிறுத்துக் காசு கொடுப்பவர் ஊருக்குள் வரும்போது பாடத்துக்கும் காசுக்கும் இடையில் பிள்ளை நிற்கும். அந்த இழுபறி எந்தப் படவரிசையிலும் வராது. கற்றல் அனுபவம் என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டென்றால் அது இந்த இடத்தைக் குறித்தாகவேண்டும்.

அந்தச் சொல்மேல் எனக்குள்ள சந்தேகமும் இங்கிருந்துதான் வருகிறது. இரும்புக் காசையும், அப்பாவோடு கடலுக்குப் போன போனையும், கடலுக்குப் போக முடியாத காலத்தில் வருமானம் நின்ற வீட்டையும் ஒரு வடிவமைப்பாளர் எப்படி வடிவமைப்பார்? முடியாது. அவற்றுக்கு ஏற்பத் தன் பாடத்தின் நேரத்தையும் நீளத்தையும் மாற்றலாம், அவ்வளவுதான். தன்னால் தொட முடியாத எல்லாவற்றையும் தன் பெயருக்குள் இழுத்துக்கொள்ளும் தொழில், கடைசியில் தொட முடிந்த அற்பமானவற்றில் போய் நிற்கிறது: நட்சத்திரம், பதக்கம், கைதட்டும் யானைக்குட்டி. பிள்ளை சிரித்ததா என்பதே அளவுகோல் ஆகிவிடுகிறது. கற்பித்தல் வடிவமைப்பு இறுக்கமானது, அழகில்லாதது. பாடத்தின் நோக்கத்தை எழுது, அதை எதைக் கொண்டு சோதிப்பாய் என்பதையும் இப்போதே எழுது என்று அதட்டும். இருக்கும் காசுக்கு ஒன்றைத்தான் எடு என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். எங்கள் செயலியில் நாங்கள் முதலில் கைவிட்டதும் அதைத்தான்.

அரிப்பில் கடலைப் பார்த்தபடி டொரிக் மாளிகையின் சிதைவு நிற்கிறது. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. ஊர்ப்பெயர் பலித்ததுபோல் கடல் அதன் அடிமேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. அந்நாளில் அதன் மேல்மாடியில் நின்றால் கடலில் எத்தனை தோணிகள் நிற்கின்றன என்று எண்ணியிருக்கலாம். தண்ணீருக்கு அடியில், ஒரு நிமிடம்போல மூச்சடக்கி, மணலில் கை துழாவுகிறவரை அங்கிருந்து கண்டிருக்க முடியாது. எண்ணிக்கையில் ஆங்கிலேயர் குறைவைக்கவில்லை. 1905இல் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த பெருங்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. அடுத்த வருடமே பார்கள் எனப்படும் முத்துச் சிப்பிப் படுகைகளை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907ஆம் ஆண்டுக் குளிப்போடு அதன் கதை முடிந்தது. கணக்கில் சிப்பி ஏறிக்கொண்டே போனபோது கடலடியில் அது குறைந்துகொண்டிருந்தது.

இணையப் பாடங்களின் அறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேல்மாடி நினைவு வரும். எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள். இந்த எண்களைப் பொய் என்று சொல்லமாட்டேன், தோணிகள் அங்கே நின்றது உண்மைதான். பயனர் அனுபவத்தின் அளவுகோல்களை வாங்கி வந்து கற்றலை அளக்கும் பழக்கம் ஆபத்தாவது, அவை துல்லியமாக இருப்பதால்தான். துல்லியமான எண் கையில் இருக்கும்போது கடலடியில் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

பாடசாலைகள் மூடியிருந்த அந்தக் காலத்தில் மன்னார்க் கரையில் நான் அறிந்த ஓர் ஆசிரியை பி.டி.எப். அனுப்புவதை இரண்டாவது மாதத்திலேயே குறைத்துவிட்டார். வள்ளங்கள் பின்னேரம் இறங்குவதற்கு முன், போன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, நாலு நிமிடக் குரல்பதிவு ஒன்றைப் போடுவார். கடைசியில் ஒரு கேள்வி. எழுதவேண்டாம், உங்கள் குரலிலேயே சொல்லுங்கோ என்பார். கல் ஏன் தாழுது, வள்ளம் ஏன் தாழேல்ல என்ற கேள்வியை நான் எடுத்தது அவரிடமிருந்துதான். பதில்கள் வரும். பின்னணியில் கோழி கூவும், தம்பி அழுவான், அப்பா இடையில் புகுந்து தன் விளக்கத்தைச் சொல்வார். ஆசிரியை எல்லாவற்றையும் இரவு விழித்திருந்து கேட்பார். பிழையான பதில்களில் நல்லதொன்றைத் தெரிந்து, சொன்னவரின் பெயரைச் சொல்லாமல், ‘ஒரு ஆள் இப்படி யோசிச்சிருக்கிறார், இது சரியா?’ என்று அடுத்த நாள் பாடத்தை அதிலிருந்து தொடங்குவார்.

இந்த முறையிலும் குறை உண்டு. சூத்திரத்தை எழுதிப் பழகும் வேலை பின்தங்கியது. குரல்பதிவே போடாத பிள்ளைகள் சிலர் கடைசிவரை போடவில்லை, அவர்களை அவரால் எட்ட முடியவில்லை. இரவில் முப்பது பதிவைக் கேட்கும் வேலையை எல்லா ஆசிரியரிடமும் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனாலும் மூன்று தொழிலும் தத்தம் இடத்தில் நின்று வேலை செய்ததை நான் அங்கேதான் கண்டேன். அவற்றின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. நான் சொன்னபோது, ‘இதுக்கெல்லாம் பேர் இருக்கோ?’ என்று சிரித்தார்.

தவணை முடிவில் இணையவழிக் கற்பித்தல் பற்றி நிரப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. அனுப்பிய பி.டி.எப். எத்தனை, நடத்திய சூம் வகுப்பு எத்தனை என்று இரண்டு கட்டங்கள். முதற் கட்டத்தில் ஏழு என்று எழுதினார். இரண்டாவதில் எழுத ஒன்றும் இருக்கவில்லை, கோடு ஒன்றைக் கீறிவிட்டு, வந்திருந்த பதிவுகளைக் கேட்கப் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.